சோதனைக்கு எடுத்த ஜாதகம்

“ட்ரயலுக்குப் போட்டதுதானே, அதுக்குப் போய்...”

“அது என் ஜாதகம், அண்ணா.”

“அதையாக்கும் நானும் சொல்றேன். வெளியார் ஜாதகமில்லை, நம்மாத்து...”

“என் போட்டோ, என் நட்சத்திரம், என் வயசு. ஒரு வார்த்தை கேட்டேளா என்னை?”

“கேட்டிருந்தா சம்மதிச்சிருப்பியோ?”

“மாட்டேன்.”

“பின்னே எதுக்குக் கேக்கணும்?”

நாகேஸ்வரன் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருஷம் வங்கியில் கடன் மனுக்களைத் திருப்பி அனுப்பியவர். அடுத்த மனுவை எடுக்கிற குரலில்தான் சொன்னார்.

திருவனந்தபுரம் கரமனையில் அவர்கள் வீட்டு முன்னறைதான் ஜாதக நிலையம். அப்பா தொடங்கியது. அப்பா போனபின் பதினாலு வருஷமாக அதை நடத்துவது தங்கை பாகீரதி. மூவாயிரத்துச் சொச்சம் ஜாதகம், நட்சத்திர வாரியாக மூன்று அலமாரி. எந்தப் பெண்ணுக்கு எந்த ஊரில் எந்தப் பிள்ளையைக் காட்டி, ஏன் தட்டிப்போயிற்று என்பது வரை அவளுக்கு மனப்பாடம். வங்கியில் விருப்ப ஓய்வு கொடுத்தபோது அண்ணா அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வாசல் பலகையில் அப்பா பேருக்குக் கீழே தன் பேரை எழுதினார். பிறகு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். இது இரண்டாயிரத்து நாலாம் வருஷம். ஜனங்கள் வரனைக் கம்ப்யூட்டரில் தேடத் தொடங்கிவிட்டார்கள். முன்னறைப் பெஞ்சில் உட்கார ஆள் குறைந்துகொண்டே வந்தது.

தம்பானூரில் ஒரு கம்பெனி மூன்று சரக்கு விற்றது. இன்டர்நெட்டில் யார் வரன் தேடினாலும் நிலையத்தின் பேர் முதலில் வரும்படி செய்வது ஒன்று. உலகம் பூராவும் இருபதாயிரம் பேருக்கு மெயில் போட்டு, வருகிற பதிலுக்கு மறுபதிலும் அனுப்பிவைப்பது இரண்டு. செல்போன்களுக்கு மொத்தமாக எஸ்எம்எஸ் மூன்று. ஒரு மாதம் இலவசமாகப் பார்க்கலாம், பிடித்ததை வாங்கலாம் என்றார்கள். மூன்றில் எது காசுக்குப் பெறும் என்று ஒப்பிட நாகேஸ்வரன் வங்கி வழியைக் கையாண்டார். ஒரே ஜாதகத்தை மூன்றிலும் போடுவது; டி-1, டி-2, டி-3 என்று எண் கொடுப்பது; எந்த எண்ணுக்கு எத்தனை பதில் என்று பார்ப்பது.

யாருடைய ஜாதகத்தைப் போடுவது என்பதுதான் சிக்கல். அப்பா வைத்த விதி இரண்டு. வீட்டார் சம்மதமில்லாமல் ஒரு ஜாதகத்தை, வரன் கேட்டு வந்தவரைத் தவிர, மூன்றாம் மனிதருக்குக் காட்டக்கூடாது. பொய் ஜாதகம் எழுதக்கூடாது. நாகேஸ்வரன் இரண்டையும் மீறுகிறவர் இல்லை. இரண்டையும் மீறாமல் சோதனைக்கு எடுக்க வீட்டில் ஒரே ஜாதகம்தான் இருந்தது. பூஜை அலமாரியிலிருந்து அதை எடுத்து, ஃப்ளாப்பியில் ஏற்றி, அவரே தம்பானூரில் கொடுத்துவிட்டு வந்தார்.

பாகீரதிக்கு எண் மட்டும் தெரியும். டி-2-க்கு வந்த பதில்களை ஒரு மாதமாக அவள்தான் படித்தாள், அவள்தான் பதில் அடித்தாள். இன்று காலை மும்பைத் தரகர் ஒருவர், இந்தப் போட்டோ சமீபத்தில் எடுத்ததா என்று கேட்டு அதைத் திருப்பி அனுப்பியிருந்தார். திறந்தாள். படம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முதலில் கனகாம்பரம். அப்புறம் வகிடு. நெற்றி வந்தபோதே தெரிந்துவிட்டது. கண் வருவதற்குள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டாள்.

“நாக்பூர்க்காரர் ஒருத்தர் எழுதியிருந்தாரே, ஸ்தாணுநாதன்னு.”

“எழுதியிருப்பார். அறுபத்துநாலு பேர் எழுதியிருக்கா.”

“பொண்ணாத்துல வேண்டாம்னுட்டா, பதில் போட்டுடுன்னேளே. யார் அந்தப் பொண்ணாத்துக்காரா?”

“நானாக்கும். அப்பாவுக்கப்புறம் கார்டியன் நான்தானே?”

ஸ்தாணுநாதனின் கடிதம் வந்த அன்று பாகீரதியே இந்த அறையில் நின்று வாதாடியிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், பூர்வீகம் சுசீந்திரம், நாற்பத்துமூன்று வயது. படுக்கையில் கிடந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டதில் கல்யாணம் தள்ளிப்போயிற்று, போன வருஷம் அம்மா தவறிப்போனாள், ஆகையால் பெண் ஆயில்யம் என்பது எனக்குத் தடையில்லை என்று எழுதியிருந்தார். ‘நல்ல எடம், அண்ணா. இதைப் போய் விடறாளே, அந்தப் பொண்ணாத்துக்காரா சுத்த அசடுகள்’ என்று அவள் சொன்னாள். நாகேஸ்வரன் பேப்பரை மடித்து அடுத்த பக்கம் படித்தார்.

அதோடும் விடவில்லை. மறுக்கும்போது பொருத்தமான வேறு மூன்று ஜாதகங்களைச் சேர்த்து அனுப்பலாம் என்பது அந்த மெயில் சரக்கின் ஒரு வசதி. மற்றவர்களுக்கு ஏதோ மூன்று போயிற்று. இவருக்கு மட்டும் அவள் மூன்று அலமாரியையும் இறக்கி, ஒரு மத்தியானம் பூரா உட்கார்ந்து பார்த்துப் பார்த்து எடுத்தாள்.

“இப்பவே அவரைக் கூப்பிடுங்கோ. தப்பாப் போயிடுத்துன்னு சொல்லுங்கோ.”

“வேண்டாம்னு ஒருதரம் சொன்ன ஜாதகத்தைத் திரும்பக் குடுக்கப்படாது. நோக்குத் தெரியாததா?”

“யாரும் வேண்டாம்னு சொல்லலையே. நான் சொல்லலையே.”

“நீதானே டைப் பண்ணினே” என்றாள் சீதாலக்ஷ்மி.

நாகேஸ்வரனின் மனைவி. அடுக்களை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

“மன்னி, உங்களுக்கும் தெரியுமா இது?”

“போட்டோவை ஆல்பத்துலேந்து உரிச்சுக் குடுத்ததே நானாக்கும். நோக்கு இருபத்தேழு வயசுல எடுத்தது. இப்போ எடுத்துப் போட்டிருந்தா அறுபத்துநாலு வருமோ?”

“ஆயில்யம், மாமியாருக்கு ஆகாது, மாமியார் இல்லாத எடமா வேணும்னு எத்தனை வருஷம் சொன்னேள்? இப்போ வந்ததே.”

“வந்தா? பெட்டியைக் கட்டிண்டு நாக்பூர் போயிடுவியா? இந்த அலமாரியை யார் பாக்கறது? இவருக்கு மகம் எங்கே பூரம் எங்கேன்னு தெரியுமா?”

“சீதா, அது இப்போ பாயின்ட் இல்லை.”

“அதாக்கும் பாயின்ட். அதைச் சொல்ல உங்களுக்கு வாய் வராது, நான் சொல்றேன். அவ போயிட்டா இந்த மெஷினை வாங்கி யார் தலைல கட்டறது?”

நாகேஸ்வரன் மேஜைமேல் இருந்த தாளை நேராக்கினார். ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்ட தாள்.

வாசலில் செருப்புக் கழற்றுகிற சத்தம் கேட்டது. “சாரே, வரட்டா?” என்று தம்பானூர்க் கம்பெனிப் பெண் ராகேல் உள்ளே வந்தாள். மார்த்தாண்டத்துக்காரி. இன்றோடு இலவச மாதம் முடிகிறது. கையெழுத்து வாங்க வந்திருந்தாள்.

“உக்காரு. கம்பேரடிவ் ஸ்டேட்மென்ட் போட்டுட்டேன்” என்றார் நாகேஸ்வரன். “டி-1, பதினொண்ணு. டி-2, அறுபத்துநாலு. டி-3, மூணு.”

“மெயில்தான் சாரே எப்பவும். நான் முதல்லயே சொன்னேம்லா.”

“இரு. எண்ணிக்கையை வெச்சு லோன் குடுத்தா பாங்க் நிக்குமோ? தரம் பிரிச்சிருக்கேன். எஸ்எம்எஸ்ல வந்த மூணுல ரெண்டு, ‘யார் நீ, எதுக்கு எழுதறே’ன்னு. மத்தது திட்டு. அது வேண்டாம். தேடறதுல வந்த பதினொண்ணும் தரகர். நம்ம ஜாதகத்தையே நமக்கு விக்கறவன். அதுவும் வேண்டாம். மெயில்ல அறுபத்துநாலு. அதுல தரகர் இருபது. கல்யாணம் ஆனவன்னு எழுத்துலயே தெரியறது ஒம்பது. போட்டோவை மட்டும் கேட்டவன் முப்பத்துநாலு. உருப்படி ஒண்ணே ஒண்ணு.”

“ஒண்ணு வந்தா போதும் சாரே. கல்யாணத்துக்கு ஒரு மாப்பிள்ளைதான வேணும்.”

அவள் சிரித்தாள். யாரும் சிரிக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த பாகீரதியை அப்போதுதான் பார்த்தாள். “சேச்சி, சுகம்தானா? மேலுக்கு முடியலியா?” என்றவள் அப்படியே நிறுத்தினாள். கம்ப்யூட்டரில் அந்தப் போட்டோ முழுசாக இறங்கி நின்றிருந்தது. ராகேல் படத்தைப் பார்த்தாள், பெஞ்சைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள்.

“ஆமாம், நான்தான்” என்றாள் பாகீரதி. “உன் கம்பெனில ஒரு மாசமா வெச்சிருக்கேளே, அது.”

“சேச்சி, சார் ஃப்ளாப்பில தந்தத நாங்க ஏத்துனோம். எனக்குச் சத்தியமா...”

“உன்னை யார் என்ன சொன்னா? உக்காரு” என்றார் நாகேஸ்வரன். “நேக்கு ஒரு சந்தேகம். அந்த ஒண்ணு நெஜமான ஆள்தானா? நீங்களே யாரையாவது வெச்சு எழுதிப் போட்டிருந்தா? ட்ரயல் பீரியட்ல உருப்படியா ஒண்ணு வந்தது, வாங்கிப்பான் கெழவன்னு.”

“ஐயோ சாரே, அப்படியெல்லாம் நாங்க செய்ய மாட்டோம்.”

“எல்லாரும் அதான் சொல்வா. வெரிஃபை பண்ணாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

“அப்போ விளிச்சுப் பாத்திரலாமே. நம்பர் தந்திருக்கார்லா?”

நாகேஸ்வரன் யோசித்தார். பிறகு மோடம் இணைப்பை எடுத்துவிட்டு, போன் ஒயரைச் சுவரில் செருகினார். வீட்டில் ஒரே லைன். நெட் இருந்தால் போன் இல்லை. போன் இருந்தால் நெட் இல்லை.

“பாகீ, நீ பேசு. நிலையத்துலேந்து பேசறேன்னு சொல்லு. ஆள் இருக்கானா, வாத்தியார்தானா, நமக்கு அதுதான் வேணும். வேற ஒண்ணும் பேச வேண்டாம்.”

பாகீரதி அண்ணாவின் முகத்தைப் பார்த்தாள். காலையிலிருந்து அவள் கேட்டுக்கொண்டிருந்ததே இந்த ஒரு போன்தான். எழுந்து வந்து எண்ணை அமுக்கினாள். அதைப் பார்க்க அவளுக்குக் கடிதம் தேவைப்படவில்லை. மணி அடிக்கத் தொடங்கியதும் சீதாலக்ஷ்மி கிட்டே வந்து ஸ்பீக்கர் பொத்தானை அமுக்கினாள்.

“நாங்களும் கேக்கறோமே. நாலு பேர் கேட்டாத்தானே வெரிஃபை.”

“ஹலோ” என்றது ஓர் ஆண்குரல். பின்னால் பாத்திரச் சத்தமும், பலபேர் பேசுகிற சத்தமும்.

“நமஸ்காரம். திருவனந்தபுரம் ஜாதக நிலையத்துலேந்து பேசறேன். ஸ்தாணுநாதன் சாரா?”

“அட, நமஸ்காரம், நமஸ்காரம். நானே கூப்பிடணும்னு நாலு நாளாப் பாக்கறேன். எப்போ அடிச்சாலும் எங்கேஜ்டாக்கும். உங்களுக்கு ரொம்ப பிசினஸ் போல.”

“சார் ஸ்கூல்லதானே...”

“ஸ்கூல்தான். இன்னிக்கு லீவ் போட்டிருக்கேன். ஆத்துல விசேஷம்.”

ராகேல் நாகேஸ்வரனைப் பார்த்துத் தலையாட்டினாள். ஆள் இருக்கிறார், வாத்தியார்தான். நாகேஸ்வரன், போதும், வை என்று கை காட்டினார். பாகீரதி வைக்கவில்லை.

“சார், டி-2 விஷயமா உங்களுக்கு ஒரு பதில் வந்திருக்கும்.”

“வந்தது. வருத்தமில்லைம்மா, அவாவா இஷ்டம். ஆனா அந்தப் போட்டோ மட்டும் ஞாபகத்துல இருக்கு. சிரிக்கலை, ஆனா அடுத்த நிமிஷம் சிரிச்சுடுவா போல ஒரு மொகம். எங்கம்மா அப்படித்தான் இருப்பா. அந்தப் பொண்ணுக்கு நல்ல எடமா அமையட்டும்.”

“சார், அந்தப் பதில்...”

“அந்தப் பதிலுக்குத்தான் உங்களுக்கு நன்னி சொல்லணும். கூடவே மூணு ஜாதகம் வெச்சிருந்தேளே. அதுல ஆயிரத்து நூத்தி நாப்பத்திரண்டு. நாளைக்குத் தாம்பூலம் மாத்தறோம். பொண்ணாத்துலேந்து எல்லாரும் வந்திருக்கா, அதாக்கும் இந்தச் சத்தம்.”

1142, கல்லிடைக்குறிச்சிப் பெண். முப்பத்திரண்டு வயது. அந்த மூன்றில் நடுவில் வைத்தது. முதலில் வைத்தால் கண் தாண்டிப் போய்விடும், கடைசியில் வைத்தால் அசட்டையாக இருக்கும் என்று அவள் யோசித்து நடுவில் வைத்தது.

“பொருத்தம் பாத்தவர் அசந்துபோயிட்டார்மா. இப்படி ஒரு சேர்க்கையை யார் எடுத்தான்னு கேட்டார். யார் எடுத்தாளோ அவாளுக்கு என் நமஸ்காரத்தைச் சொல்லுங்கோ.”

“சொல்றேன்.”

“அப்புறம், நீங்க கூப்பிட்டது நல்லதாப் போச்சு. ஒரு சந்தேகம். எங்க சித்தப்பா நேத்து ராத்திரிலேந்து குழப்பறார். 1142-க்குச் செவ்வாய் எட்டுல இருக்கு, தோஷம், வேண்டாம்கறார். எனக்கு இது ஒண்ணும் தெரியாது. நீங்க வருஷக்கணக்காப் பாக்கறவா. வேண்டாம்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாக்கூடப் போறும், நாளைக்கு நிறுத்திடலாம்.”

நாகேஸ்வரனின் கை பாதியில் நின்றது. அவருக்கு நட்சத்திரம் தெரியாவிட்டாலும், இது என்ன இடம் என்று தெரிந்தது. சீதாலக்ஷ்மி நாத்தனாரின் வாயையே பார்த்தாள். அந்த வாய் திறந்து மூடியது.

“ஹலோ? லைன்ல இருக்கேளா?”

“இருக்கேன்.”

“என்ன சொல்றேள்?”

“எட்டுல இருக்கு, சார். உங்க சித்தப்பா சொன்னது சரி.”

“ஓ.”

“ஆனா சொந்த வீட்டுல இருக்கு. சொந்த வீட்டுல இருந்தா தோஷமில்லை. சுத்த ஜாதகம். நானே கையால பகர்த்தி எழுதினது. சித்தப்பாகிட்ட அந்த எட்டாம் வீடு யாரோடதுன்னு ஒருதரம் பாக்கச் சொல்லுங்கோ.”

“அப்பாடா. ரொம்ப சந்தோஷம்மா. உங்க பேர் என்ன? பத்திரிகை அனுப்பறேன்.”

“நிலையம்னே போடுங்கோ” என்று சொல்லிவிட்டு போனை வைத்தாள்.

சீதாலக்ஷ்மிதான் முதலில் மூச்சு விட்டாள். “நல்ல காலம். நான் பயந்தே போயிட்டேன். நீ கெடுத்திருந்தேன்னா நிலையத்தோட பேர் என்னத்துக்காகும்?”

“அவ கெடுக்க மாட்டா” என்றார் நாகேஸ்வரன். “அப்பா பழக்கினது.” அவருக்கு அதில் பெருமைதான். பேனாவைத் திறந்து, கட்டம் போட்ட தாளில் டி-2-க்கு எதிரே எழுதிக்கொண்டே வாய்விட்டுப் படித்தார். “ஆள் உண்மை. சரி. பதில் போச்சு. சரி. அந்தப் பதில்லேயே இன்னொரு ஜாதகம் தெகைஞ்சது. ஏம்மா ராகேல், இதை உங்க பாஷைல என்னவாக்கும் சொல்லுவா?”

“கன்வெர்ஷன் சாரே.” அவள் குரல் இறங்கியிருந்தது.

“கன்வெர்ஷன். வேண்டாம்னு சொன்ன ஆளைக்கூட விடாம வேற ஒண்ணைக் காட்டிப் பிடிச்சுடறது. இந்த ஒண்ணு போறும். மத்த ரெண்டும் தண்டம். எங்கே போடணும் கையெழுத்து?”

“ஒரு வருஷத்துக்கா சாரே, ரெண்டு வருஷத்துக்கா?”

“பதில் எழுத ஆள் இருக்கா. ரெண்டு வருஷமே போடு.”

ராகேல் காகிதங்களை எடுத்து வைத்தாள். கையெழுத்து விழும்வரை பெஞ்சுப் பக்கம் திரும்பவில்லை. விழுந்தபின் திரும்பினாள். “சேச்சி ஒண்ணும் மனசுல வைக்காதீங்க. டி-2-க்கு இன்னும் வந்துக்கிட்டுதான் இருக்கு. நேத்துக்கூட ஆறு வந்துது.”

“போட்டோவைக் கேக்கறவாளா?”

ராகேல் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

“ஒரு உபகாரம் பண்ணு. ஆஃபீஸுக்குப் போன உடனே அந்தப் போட்டோவையும் ஜாதகத்தையும் எடுத்துடு. ட்ரயல் முடிஞ்சாச்சே.”

“செய்யலாம் சேச்சி. ஆனா அக்கவுண்ட் சார் பேர்லயாக்கும் இருக்கு. சார் ஒரு வார்த்தை சொன்னா இப்பவே...”

மூன்று பேரும் நாகேஸ்வரனைப் பார்த்தார்கள். அவர் போட்ட கையெழுத்துகளை ஒவ்வொன்றாக ஊதிக் காயவைத்துக்கொண்டிருந்தார்.

“எடுத்துட்டா என்ன?” என்றாள் பாகீரதி. “மூவாயிரம் ஜாதகம் இருக்கே. சம்மதம் கேட்டு ஒண்ணை வெச்சுக்கோங்கோ. நானே கேட்டுத் தரேன்.”

“அதுக்கில்லைடி. இருபதாயிரம் பேருக்குப் போனதுல அறுபத்துநாலு பேர் திரும்பிப் பாத்தது அந்த மொகத்துக்காக்கும்” என்றார் நாகேஸ்வரன், பேனாவை மூடிக்கொண்டே. “அது பாட்டுக்கு இருக்கட்டும், வரவாளுக்கெல்லாம் நீ வேண்டாம்னு எழுதிட்டு கூட மூணு வெச்சு அனுப்பிண்டிரு.”